சிரிக்கக் கூடாத வெள்ளிக்கிழமை

சவுசவு
3 ஜூன் 1996

வரனிசேசே அவர்களுக்கு,

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் நுக்குலோவா தீவுக்குக் கப்பல் ஏறிவிட்டதாகத் துறைமுகத்தில் கேள்விப்பட்டேன். நம் சோப்பு ஆலையின் விற்பனைப் பிரிவு அலமாரிச் சாவி உங்களிடம் இருக்கிறது. அடுத்த கப்பலில் அனுப்பிவையுங்கள். ரேடியோ டெலிபோனில் பேசலாம் என்றால், உங்கள் தபால் நிலையத்தில் பேசுவதைத் தீவே உட்கார்ந்து கேட்கும். ஆகவே கடிதம்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி என் தரப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். கூட்டுறவுக் கமிட்டி என்னைத் தலைமைப் பயிற்சிக்காகத் தலைநகர் சுவாவுக்கு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். அங்கே கற்றது இதுதான்: புதிதாக யோசிப்பது வரம் இல்லை, பழக்கம். பல் துலக்குவது போலத் தவறாமல் செய்தால்தான் வரும். அந்தப் பழக்கத்தை முதலில் தலைவன் தொடங்க வேண்டும். யோசனை சொல்கிறவனுக்குப் பயம் இருக்கக் கூடாது. அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலைகளை ஒதுக்கினேன். நம் ஆட்கள் யங்கோனா வேர்ச் சாறு குடிக்கும்போது இளகி இருப்பார்கள் என்று கிண்ணத்தைச் சுற்றியே கூட்டத்தை வைத்தேன். ‘இங்கே எந்த யோசனையையும் கேலி செய்யக் கூடாது’ என்று பலகையும் எழுதி மாட்டினேன்.

நான் புதிய சோப்பின் பெயரையும் உறையையும் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் சிரித்தீர்கள். சாதாரணச் சிரிப்பு இல்லை. பாயில் உருண்டீர்கள், கையிலிருந்த யங்கோனா கங்காணி செத்தரேக்கியின் மடியில் கொட்டியது. என்னவென்று கேட்டேன். பேச முடியாமல் உறையைச் சுட்டிக் காட்டி மறுபடி சிரித்தீர்கள். பலகையில் எழுதியதை நானே மீற முடியாது. வெளியே போகச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பருக்குள் இந்தச் சோப்பு விற்காவிட்டால் ஆலையைச் சுவா கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாகக் கமிட்டி சொல்லியிருக்கிறது. அந்தக் கம்பெனி நம் ஆட்களை வைத்துக்கொள்ளாது. இதுவும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

சரக்கு முதலில் உங்கள் தீவுக்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
சகியூசா, மேலாளர்

*

நுக்குலோவா
19 ஜூன்

தௌ சகியூசா,

சாவி வராது. அண்ணன் மனசா அதைத் தூண்டில் கயிற்றில் கனத்துக்குக் கட்டியிருக்கிறான், நன்றாக இறங்குகிறதாம். அலமாரியை உடைத்துக்கொள். உள்ளே என் குடையும் பழைய விலைப்பட்டியலும்தான் இருக்கின்றன.

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருக்கிறாய். அண்ணியிடம் படித்துக் காட்டினேன். “யாருக்கு வந்த கடிதம்டி இது, பாதிரியாருக்கா?” என்று கேட்டாள்.

நீ சுவாவில் மாடிப்படி ஏறி வளர்ந்த பிள்ளை. உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது, நான் சொல்கிறேன். உன் பூர்வீக ஊரின் பழைய சாமியும் எங்கள் தீவின் பழைய சாமியும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். அதனால் உன் ஊரில் பிறந்தவன் எவனும் எனக்குத் தௌவு. நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டலாம். உன் சட்டியில் வெந்த சேம்பைக் கேட்காமல் எடுத்துத் தின்னலாம். நீ போட்டிருக்கும் சட்டை பிடித்திருந்தால் கழற்றிக்கொண்டு போகலாம். நீயும் என்னிடம் அப்படியே. கூடாதது ஒன்றே ஒன்றுதான். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிரித்ததற்காகத் தௌவை வெளியே போகச் சொன்ன ஆள் எங்கள் தீவுக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. நான் உன் கூலிக்காரியாக இருந்து சிரிக்கவில்லை, தௌவாக இருந்து சிரித்தேன்.

உன் சோப்பு வந்து இறங்கிவிட்டது. யீ முதலாளி கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருக்கிறார். ஒன்றுகூட நகரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேலி செய்யாமல் அந்தக் காரணத்தைச் சொல்ல வழி தெரியவில்லை. உன் பலகை உத்தரவு தருமா? கைதட்டியவர்களைக் கேட்டுப் பார்.

உருளும் நாற்காலியில் அதிகம் உருளாதே.

வரனிசேசே

*

சவுசவு
15 ஜூலை

வரனிசேசே அவர்களுக்கு,

நுக்குலோவாவிலிருந்து பெட்டிகள் எல்லாமே திரும்பி வந்துவிட்டன. பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வருகின்றன. யீ முதலாளி ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். ‘நல்ல சோப்பு. வேண்டாம்.’ அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடி கைதட்டியவர்களைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை, கிண்ணத்தைச் சுற்றி, நேராகவே கேட்டேன்.

“சோப்புல என்ன குறைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

நம் மூத்த கங்காணி செத்தரேக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “குறைன்னு ஒண்ணும் இல்லீங்க ஐயா. ரொம்ப நல்ல சோப்பு.”

“அப்ப ஏன் விக்கல?”

“சனங்களுக்குக் குடுத்து வைக்கலீங்க ஐயா.”

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கிண்ணம் வந்தது. கேலி இல்லை, பயம் இல்லை, பயிற்சியில் சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. இதுவரை கூட்டங்களில் குறித்துவைத்த யோசனைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் யோசனைகள்தான். அதைக் கவனித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

விதியை எடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது கூட்டத்துக்கான விதி, கடிதத்துக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொள்ளலாம். காரணத்தைத் தெரிவியுங்கள். அலுவல் முறையில்தான் கேட்கிறேன்.

சகியூசா

*

நுக்குலோவா
2 ஆகஸ்ட்

தௌ,

அலுவல் முறையில் கேட்டாய், அலுவல் முறையில் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அண்ணி உனாய்சியோடு நான் கடைக்குப் போயிருந்தேன். பாதிரியார் மனைவி சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தார். யீ முதலாளி சுவாவிலிருந்து போன கிறிஸ்துமஸுக்குத்தான் வந்த சீனர், ஊர் வழக்கம் தெரியாது, பாவம், உன்னைப் போல. எங்களைப் பார்த்ததும் உறையை உயர்த்திக் காட்டினார்.

“புதுசு வந்திருக்கும்மா! மகோசோய்! முன்னைவிடப் பெரிசு! ஒண்ணு இருந்தா குடும்பத்துக்கே போதும்!”

பாதிரியார் மனைவி சர்க்கரையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். குடையைக்கூட எடுக்கவில்லை.

“அதை உள்ள வைங்க முதலாளி, யாராவது பார்த்துடப் போறாங்க,” என்றாள் அண்ணி, தரையைப் பார்த்தபடி.

“ஏம்மா கூச்சப்படுறீங்க? கையில பிடிச்சுப் பாருங்க, எவ்வளவு வழுவழுன்னு இருக்குன்னு!”

நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இனி விளக்கம். எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு மரம் உண்டு. நுக்குலோவாவுக்கும் எங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த சுற்றுத் தீவுகளுக்கும் அந்த மரம், நீ சோப்புக்குப் பெயராக வைத்த மகோசோய். குலமரத்தின் பெயரை எங்கள் பெண்கள் முன்னால் சொன்னால், மரத்தைச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆண்களிடம் மட்டும் இருக்கிற ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் எங்கள் எண்ணெயில் அந்தப் பூவையே போட்டுக் காய்ச்சினாலும் ‘மஞ்சள் பூ’ என்போம். இத்தனை வருஷம் ஆலையில் நான் வேறு பெயர் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? இப்போது உன் உறையை எடுத்து, ‘முன்னைவிடப் பெரியது’ என்பதை மறுபடி ஒரு முறை படி. நான் ஏன் உருண்டேன் என்று தெரியும்.

இது செத்தரேக்கிக்கும் தெரியும். அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்பாய். யங்கோனாவில் முதல் கிண்ணம் யாருக்கு? உனக்கு. முதல் பேச்சு யாருடையது? உன்னுடையது. பெரியவர் குடித்துப் பேசி முடித்த பிறகு, அவருக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் வாய் திறந்து ‘அது தப்பு’ என்பானா? சமாதானம் பேச, கல்யாணம் பேச, வந்தவருக்கு மரியாதை செய்ய அந்தக் கிண்ணம் வேண்டும். குறை சொல்ல அது இடமே இல்லை. நம் இனத்தில் பிறந்தவன் இதைச் செய்தாயே என்றுதான் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். வெள்ளைக்காரன் செய்திருந்தால் மன்னித்திருப்பான்.

அந்த வட்டத்தில் உன்னைப் பார்த்துச் சிரிக்க உரிமை உள்ள ஒருத்தி இருந்தாள். அவளுக்காகத்தான் பலகை எழுதி மாட்டினாய்.

வரனிசேசே

*

சவுசவு
26 ஆகஸ்ட்

வரனிசேசே,

கிடைத்தது. படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தேன். இந்த உறை போட்ட சோப்பை நான் பிஷப்புக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அவருடைய தாயார் உங்கள் தீவு என்று செத்தரேக்கி நேற்றுத்தான் சொன்னார்.

உறைகளை எல்லாம் கொதிகலன் அடுப்பில் போட்டாகிவிட்டது.

யங்கோனாவை விட்டுவிட்டேன். காலை டீ நேரத்தில், உறை சுற்றும் கொட்டகையில், தரையில் உட்கார்ந்து பேசலாம் என்றேன். நானே எல்லோருக்கும் டீ ஊற்றினேன். பிஸ்கட் தின்னும் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். சரி, வேண்டுமென்றே ஒரு மடத்தனத்தைச் சொல்லிப் பார்ப்போம், யாராவது மறுப்பார்கள் என்று நினைத்தேன்.

“சோப்புக்குக் கைப்பிடி வெச்சா என்ன?” என்றேன்.

“அருமையான யோசனைங்க ஐயா,” என்றார் செத்தரேக்கி.

மறுநாள் காலை என் மேஜையில் மரக் கைப்பிடி வைத்த சோப்பு இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது. நான் கொதிகலனுக்குத் தொப்பி வேண்டும் என்றாலும் தைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

அடுத்த கப்பலில் நான் திமிங்கலப் பல் எடுத்துக்கொண்டு நுக்குலோவாவுக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் முன்னால், தீவுப் பெரியவர்கள் முன்னால், முறைப்படி மன்னிப்புக் கேட்கிறேன். அதுதான் மரியாதை என்று என் பெரியப்பாவும் சொல்கிறார்.

சகியூசா

*

நுக்குலோவா
11 செப்டம்பர்

தௌ,

வராதே! பல்லைப் பெட்டியிலேயே வை.

உன் பெரியப்பாவுக்கும் சுவாக் காற்று அடித்துவிட்டதா? பகைத்தவர்களிடம்தான் திமிங்கலப் பல் வைத்து மன்னிப்புக் கேட்பார்கள். தௌவிடம் கேட்டால், இதுவரை இருந்தது உறவு இல்லை, சண்டை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் அதை வாங்கிக்கொண்டால் பிறகு உன்னைத் திட்ட முடியாது. எனக்கு அது நஷ்டம்.

உன் கைப்பிடிக் கதையை அடுப்படியில் வாசித்தேன். அண்ணன் மரவள்ளிக் கிழங்கு புரையேறி இருமினான். “கைப்பிடியாம்! பிடிச்சுக்கிட்டுத் தூக்கி எங்க போறதாம், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கா?” அண்ணி சும்மா இருப்பாளா? “உங்களுக்குத்தான் அது வேணும். மாசம் ஒரு சோப்பைக் கடல்ல விட்டுட்டு வர்றீங்க.”

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தான். படகில் குளிக்கும்போது கை நழுவினால் சோப்பு கடலுக்குத்தான். மற்ற சோப்பென்றால் போகட்டும், அது உப்புத் தண்ணீரில் நுரைப்பதும் இல்லை. நம் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு நுரைக்கும். “கைப்பிடி எதுக்கு? நடுவுல ஓட்டை போட்டுத் தேங்காநார்க் கயிறு கோத்தா படகுல தொங்கவிடலாமே,” என்றான். அன்று சாயங்காலமே ஆணியால் துளைத்துக் கயிறு கோத்துக் கொண்டு போனான். திரும்பி வந்தபோது படகில் சோப்பு இருந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் அவனிடம் விலை கேட்டார்களாம்.

உன் கொட்டகையில் அது அருமையான யோசனையாக இருந்த வரைக்கும் மரக்கட்டையாகத்தான் இருந்தது. இங்கே மூன்று பேர் சேர்ந்து சிரித்த பிறகுதான் கயிறாயிற்று. இதை உன் பயிற்சிக்காரர்களுக்கு எழுதிப் போடு.

மாதிரி ஒன்று கப்பலில் வருகிறது. முடிச்சு அண்ணி போட்டது.

வரனிசேசே

*

சவுசவு
21 அக்டோபர்

தௌ வரனிசேசே,

கயிறு கோத்த சோப்பைத் துறைமுகத்தில் வைத்தோம். முதல் அடுக்கு, கப்பல் கிளம்புவதற்குள் தீர்ந்துவிட்டது. மீன்பிடிப் படகுக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். இதற்குப் பெயர் வைக்கவில்லை. கடைகளில் ‘கயிறு ஒண்ணு குடுங்க’ என்று கேட்கிறார்கள், அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கயிறு எந்தத் தீவிலாவது கெட்ட வார்த்தையா? தயவுசெய்து விசாரித்துச் சொல்.

ஆனால் விற்பனை தொடங்கி இன்னும் மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி லம்பாசாவில் கமிட்டி கூடுகிறது. சுவா கம்பெனியின் ஆளும் வருகிறான். கமிட்டித் தலைவர் இதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்? யோசனை என்னுடையது என்றால் பொய். உன் அண்ணன் மனசாவுடையது என்றால், ‘ஆலையில் இருக்கிற நீ என்ன செய்தாய்?’ என்று என்னைக் கேட்பார்கள். பயமாக இருக்கிறது. இரவில் செத்தரேக்கியின் பேரப்பிள்ளைகள் முகமெல்லாம் வருகிறது.

தினமும் கொட்டகைக்குப் போகிறேன். அரைகுறை யோசனையோடுதான் போகிறேன். “இதுல என்ன கேவலமா இருக்கு?” என்று கேட்கிறேன். போன வாரம் முதல் முறையாகச் செத்தரேக்கி, “எதுக்கும் நுக்குலோவாவுக்கு எழுதிக் கேட்டுருங்க ஐயா,” என்றார். அவருக்கு அது பெரிய துணிச்சல். இனி எந்த யோசனையும் கூட்டத்துக்கு வருமுன் ஒரு தௌவின் வாயில் விழுந்து எழுந்து வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், இங்கே எனக்கு வேறு தௌவு இல்லை. ஊரெல்லாம் விசாரித்துவிட்டேன்.

உன் வேலை காலியாக இருக்கிறது. விற்பனை மட்டும் இல்லை, இந்த மற்ற வேலையும். அதற்கு என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லை. அலமாரியை உடைக்கவில்லை. நீ இல்லாமல் இந்த ஆலையில் என் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்கிறது, அது எனக்கு அலுத்துவிட்டது.

வா.

சகியூசா

*

சவுசவு ஆலை
22 நவம்பர், மத்தியானம்

தௌ,

கப்பலில் வந்தேன். நீ லம்பாசாவிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அலமாரியைத் தூண்டில் சாவியால் திறந்தேன், கொஞ்சம் மீன் நாற்றம் அடிக்கும்.

கயிறு எங்கேயும் கெட்ட வார்த்தை இல்லை. யீ முதலாளியையும் கேட்டுவிட்டேன், சீனத்திலும் இல்லையாம்.

உன் சட்டியிலிருந்த சேம்பைத் தின்றுவிட்டேன். உப்புப் போதாது. உன் உருளும் நாற்காலியை எடுத்துக்கொண்டேன். தௌவின் பொருள், எனக்குப் பிடித்திருக்கிறது, முறைப்படி என்னுடையது. அறைக்குள் தேடாதே. உறை சுற்றும் கொட்டகையில் நடுவில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உருண்டு உருண்டு எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பயந்துபோய் வேலை செய்கிறார்கள். செத்தரேக்கி மட்டும் இப்போதுதான் ஒரு வார்த்தை திருப்பித் திட்டினார். அவருடைய பாட்டி உன் ஊராம், இத்தனை நாள் வாயே திறக்கவில்லை கிழவர்! உனக்குச் சொந்தம், எனக்குத் தௌவு.

நாற்காலி உருண்டு கதவு வழியே வெளியே ஓடுகிறது, இந்தத் தரை சரிவு. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பலகை ஒன்று தேவைப்பட்டது. சுவரிலிருந்து எடுத்துக்கொண்டேன். எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கிறது.

கமிட்டி என்ன சொன்னது? நீயாக வந்து சொல். எல்லோரும் கேட்காதது போல நடிக்கிறார்கள்.

வரனிசேசே

*

அதே நாள், சாயங்காலம்

கருவாட்டு நாற்றம் பிடித்த கிழட்டு வௌவாலே,

கொட்டகை வாசலில்தான் நிற்கிறேன். நீ போடும் சத்தத்தில் என் குரல் எடுபடாது, அதனால் எழுதி உள்ளே அனுப்புகிறேன். அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

குத்தகை இல்லை. ஒரு வருஷம் தவணை கொடுத்திருக்கிறார்கள். யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒருத்தி என்றேன். கமிட்டியில் உன் தீவுக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். பழைய உறை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துச் சபையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். தலைவர் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கோபித்துக்கொள்ளவில்லை.

உள்ளே வருகிறேன். நகர்ந்து உட்கார்.

சகியூசா